ஃபேரோ படியவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யலாம்

சீட்டுக்கட்டைச் சரிபாதியாக வெட்டி, இரண்டு பாதிகளையும் முனையோடு முனை வைத்து, ஜிப் இழுத்ததுபோலப் பின்ன வைப்பதுதான் ஃபேரோ. இந்தப் பக்கம் 26, அந்தப் பக்கம் 26. இங்கிருந்து ஒன்று, அங்கிருந்து ஒன்று. பார்க்கிறவருக்கு இது சாதாரணக் கலைப்பு. செய்கிறவருக்கோ ஒவ்வொரு சீட்டும் எங்கே போய் உட்கார்ந்தது என்று தெரியும். இதற்காகத்தான் இத்தனை பேர் இதோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்.

எனக்கு முதல் முழு ஃபேரோ விழ ஐந்து மாதம் ஆனது. அதில் மூன்று மாதம், தவறில்லாத இடத்தில் தவறைத் தேடியதிலேயே போய்விட்டது. பின்னல் சிக்கிக்கொள்ளும்போது நாம் விரல்களைத்தான் திட்டுகிறோம். ஆனால் அந்தச் சிக்கல் அதற்கு முன்பே, வெட்டும்போதோ கட்டைச் சமன்செய்யும்போதோ, சில சமயம் முதல் நாள் இரவு சீட்டை எங்கே வைத்தோம் என்பதிலோ முடிவாகியிருக்கும். ஆகவே கீழே அறிகுறி வாரியாகச் சொல்கிறேன். உங்கள் கையில் எது நடக்கிறதோ அங்கே போய்ப் படியுங்கள்.

அதற்கு முன் பிடியை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். கட்டு இடது கையில், சீட்டின் முதுகு மேலே பார்த்தபடி. நீளப் பக்கங்களில் ஒன்றில் கட்டைவிரல், எதிர்ப்பக்கத்தில் நடுவிரலும் மோதிர விரலும். ஆள்காட்டி விரல் முதுகின் மேல் மடங்கி இருக்கலாம், அல்லது முனையில் தடுப்பாக நிற்கலாம். வலது கை மேல் பாதியைத் தூக்கி அதே மாதிரி பிடித்துக்கொள்கிறது. இரண்டு பாதிகளின் குறுகிய பக்கங்களும் நேருக்கு நேர். முதலில் இரண்டையும் லேசாக முட்டித் தட்டிச் சமன்செய்ய வேண்டும். பிறகு ஒரு பாதியைச் சற்றே சாய்த்து, ஒரு மூலை மட்டும் தொடும்படி வைத்து, மெல்ல அழுத்தினால் சீட்டுகள் தாமாகப் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று இறங்கத் தொடங்கும். "தாமாக" என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு சீட்டையும் விரலால் நுழைக்க யாராலும் முடியாது. ஒரு சீட்டின் தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர்தான்.

அறிகுறி 1: சுவரோடு சுவர் மோதுகிறது, ஒரு சீட்டுகூட உள்ளே போகவில்லை

முதலில் அழுத்தத்தைக் குறையுங்கள். சீட்டு போகவில்லை என்றதும் நம் கை செய்கிற முதல் வேலை இன்னும் பலமாக அழுத்துவது. இது இடியாப்ப அச்சு இல்லை. பலமாக அழுத்தும்போது இரண்டு பாதிகளும் கட்டியாக இறுகிவிடுகின்றன. இறுகிய கட்டில் சீட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே இன்னொரு சீட்டு நுழைய இடம் ஏது? பிடியைத் தளர்த்திவிட்டு, தொடுகிற மூலையை மேலும் கீழுமாக மயிரிழை அளவு அசைத்துப் பாருங்கள். எங்காவது ஓரிடத்தில் "சர்ர்" என்று பிடித்துக்கொள்ளும். அந்தச் சத்தத்தைக் காது ஒருமுறை கேட்டுவிட்டால் அப்புறம் கை அதையே தேடும்.

அழுத்தம் சரி, ஆனாலும் போகவில்லை என்றால் சமன்செய்தலைப் பாருங்கள். பாதிகளைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து, முனையை மட்டும் பாருங்கள். ஒரே ஒரு சீட்டு அரை மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தாலும் அதுதான் சுவர். மேசையில் தட்டிச் சமன்செய்தால் போதும் என்று நினைப்போம். தட்டியபின் நான்கு பக்கமும் விரலால் ஒருமுறை தடவிவிட்டால்தான் கட்டு உண்மையிலேயே நேராகும்.

இரண்டும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், குற்றவாளி நீங்கள் இல்லை, சீட்டுதான். பெரிய அட்டைத் தாளிலிருந்து தொழிற்சாலையில் சீட்டுகளை வெட்டும்போது கத்தி ஒரு பக்கத்திலிருந்து இறங்குகிறது. அதனால் ஓரம் முழுச் செங்குத்தாக இருக்காது, கண்ணுக்குத் தெரியாத சாய்வு ஒன்று இருக்கும். அந்தச் சாய்வு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து, சில கட்டுகள் மேலிருந்து கீழாக எளிதாகப் பின்னும், சில கட்டுகள் கீழிருந்து மேலாக. சோதிப்பது சுலபம். கட்டை முதுகு மேலே வைத்துப் பத்து முறை முயலுங்கள். பிறகு அப்படியே கவிழ்த்து, முகம் மேலே பார்க்க வைத்து, அதே கைப்பழக்கத்தில் பத்து முறை முயலுங்கள். ஒரு பக்கம் வெண்ணெய் மாதிரி இறங்கும். மறுபக்கம் அடம் பிடிக்கும். இப்போது இரண்டு வழி இருக்கிறது. கையை மாற்றி, பின்னலை எதிர்முனையிலிருந்து தொடங்கப் பழகலாம். அல்லது உங்கள் பழக்கத்துக்கு ஒத்துவரும் கட்டாக வாங்கலாம்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு நாள் மொட்டை மாடியில் கட்டு கை தவறி விழுந்தது. பொறுக்கி அடுக்கியபோது முகம் மேலாக அடுக்கிவிட்டேன். கவனிக்காமல் பின்னினேன், இறங்கிவிட்டது. வித்தை சித்தித்துவிட்டது என்று கீழே ஓடி அம்மாவிடம் காட்டினேன். முதுகு மேலாகத் திருப்பி! போகவில்லை. "இதுக்குத்தான் ராத்திரி பகலா உக்காந்திருக்கியா?" என்று கேட்டுவிட்டு அவர் கீரை ஆயப் போய்விட்டார்.

புத்தம்புதுக் கட்டு என்றால் இன்னொன்று. வெட்டிய ஓரம் சொரசொரப்பாக இருக்கும். ஜீன்ஸ் துணியில் கட்டின் குறுகிய பக்கங்களைப் பத்து இருபது தடவை தேய்த்தால் மென்மையாகும். சிலருக்கு இது பாவமாகப் படுகிறது. எனக்கு இல்லை.

அறிகுறி 2: ஆரம்பம் நன்றாக, நடுவில் இரண்டு மூன்றாகக் கொத்து கொத்தாக இறங்குகிறது

சென்னைக்காரர்களின் தனி நோய் இது. வெளிநாட்டுக் காணொளிகளில் யாரும் இதைப் பற்றிப் பேச மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் ஊரில் கடற்காற்று ஜன்னல் வழியாக வந்து சீட்டின் மேல் உட்காருவதில்லை.

சீட்டு என்பது காகிதம். இரண்டு தாள்களை நடுவே பசை வைத்து ஒட்டி, மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருக்கிறார்கள். பூச்சு முதுகையும் முகத்தையும்தான் காக்கிறது. வெட்டிய ஓரம் திறந்தே கிடக்கிறது. ஈரம் அந்த ஓரத்தின் வழியாக உள்ளே போகிறது. ஓரம் உப்புகிறது. ஃபேரோ நடப்பதே ஓரத்தில்தான். உப்பிய ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒன்று போக வேண்டிய இடத்தில் இரண்டாகப் போகின்றன. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இது உச்சத்தில் இருக்கும். நான் இருப்பது திருவான்மியூரில், கடலிலிருந்து நடந்து போகும் தூரம். இங்கே மழை இல்லாத நாளிலும் சாயங்காலக் காற்று சீட்டை நனைத்துவிடும்.

ஈரம்தானா என்று உறுதிசெய்ய ஒரு வழி: கட்டை மேசையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். கட்டு நேராக உட்காராமல் நடுவில் தூக்கிக்கொண்டோ, ஓரங்கள் தூக்கிக்கொண்டோ படகு மாதிரி இருந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. அந்தக் கட்டை ஏசி அறையில் ஒரு மணி நேரம் பரப்பி வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வித்தியாசம் தெரிந்தால் நோய் பிடிபட்டுவிட்டது.

மருந்து பெரிதாக ஒன்றும் இல்லை. இறுக மூடும் டிபன் டப்பா ஒன்று. செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தூக்கிப் போடாமல் நான்கைந்து சேர்த்து அதற்குள் போட்டுவிடுங்கள். கட்டு அதன் அட்டை உறைக்குள் இருக்கட்டும், உறை டப்பாவுக்குள். பயிற்சி முடிந்ததும் உடனே உள்ளே போக வேண்டும். "அப்புறம் வைக்கலாம்" என்று கட்டிலில் விட்ட கட்டு காலையில் அப்பளம் மாதிரி வளைந்திருக்கும். வளைந்துவிட்டால் எதிர்த்திசையில் மெல்ல வளைத்து விட்டு, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு இரவு வையுங்கள். ரப்பர் பேண்ட் மட்டும் போடாதீர்கள். ஓரத்தில் பள்ளம் விழுந்தால் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் பின்னல் தடுக்கும்.

அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். தவிட்டுத்தூள் ஒட்டிக்கொள்ளும். முகப் பவுடரும் வேண்டாம். பூசிய பத்து நிமிடம் சொர்க்கம், அப்புறம் வியர்வையோடு சேர்ந்து களிம்பாகிவிடும்.

ஈரம் இல்லை, ஆனாலும் கொத்து விழுகிறதா? அப்போது எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் போட்ட கையோடு சீட்டைத் தொட வேண்டாம். பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே பயிற்சி செய்வதும் அப்படித்தான். கல்யாண மண்டபத்தில் ராத்திரி முழுக்க ரம்மி ஆடிய கட்டை "சும்மாதானே கிடக்கு" என்று எடுத்துவந்து பழகுகிறவர்கள் உண்டு. அதில் எத்தனை பெரியப்பாக்கள் எச்சில் தொட்டுச் சீட்டுப் பிரித்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரம்மிக்கு அது போதும். ஃபேரோவுக்கு ஆகாது.

கடைசியாகக் கையையும் பார்த்துவிடுவோம். கொத்து எப்போதும் ஒரே இடத்தில், அதாவது கட்டின் மேல் பகுதியிலேயே அல்லது கீழ்ப் பகுதியிலேயே விழுகிறது என்றால், உங்கள் விரல்களில் ஏதோ ஒன்று அங்கே அதிகமாக அழுத்துகிறது. பெரும்பாலும் முதுகின் மேல் மடங்கியிருக்கும் ஆள்காட்டி விரல்தான். அதை முழுதாக எடுத்துவிட்டுப் பின்னிப் பாருங்கள். கொத்து இடம் மாறிக்கொண்டே இருந்தால் சீட்டின் குறை, ஒரே இடத்தில் விழுந்தால் கையின் குறை. நான் இதைக் கண்டுபிடிக்காமல் நல்ல கட்டுகள் இரண்டைக் குப்பையில் போட்டிருக்கிறேன்.

அறிகுறி 3: பின்னல் அழகாக விழுகிறது, ஆனால் மேலேயோ கீழேயோ சீட்டு மிச்சம்

வெட்டு தவறு. 27-க்கு 25 வெட்டியிருக்கிறீர்கள், அல்லது இன்னும் மோசமாக. 27 சீட்டு 25 சீட்டோடு ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னினால், பெரிய பாதியில் இரண்டு துணையில்லாமல் நிற்கும்.

கட்டு சுமார் 16 மில்லிமீட்டர் உயரம். அதில் நடுவைக் கண்ணால் பிடிப்பது ஆச்சரியமாகத் தோன்றும், ஆனால் இதுதான் இந்த வித்தையிலேயே சீக்கிரம் வரும் பகுதி. தினமும் இருபது முறை வெட்டி, எண்ணிப் பார்த்து, மறுபடி வெட்டினால் மூன்று வாரத்தில் 25-க்கும் 27-க்கும் நடுவே நின்றுவிடுவீர்கள். அந்த ஒரு சீட்டைத் திருத்தப் பின்னலையே தராசாக வைத்துக்கொள்ளலாம். பாதி வரை பின்னிவிட்டு, முனையைப் பாருங்கள். மேலே வலது பாதியின் சீட்டு துணையில்லாமல் இருக்கிறதா? வலது பாதியில் ஒன்று அதிகம். பின்னலைப் பிரித்து, ஒரு சீட்டைக் கீழே விட்டு, மறுபடி பின்னுங்கள். பழகியவர்கள் இதைப் பேசிக்கொண்டே செய்துவிடுவார்கள். எதிரில் இருப்பவருக்கு ஏதோ கட்டைச் சரிசெய்கிறார் என்று தோன்றும்.

பழகும்போது கண்ணுக்கு ஒரு கொழுகொம்பு வேண்டுமென்றால் இரண்டு வழி. ஒன்று, கறுப்பு 26 மேலே, சிவப்பு 26 கீழே என்று பிரித்து அடுக்குங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் ஒரே நிறம் தெரிந்தால் தவறு, எவ்வளவு தவறு என்பதையும் எண்ணிவிடலாம். இன்னொன்று புதுக் கட்டு. பைசைக்கிள் மாதிரியான அமெரிக்கக் கட்டுகள் உறையிலிருந்து வரும்போதே ஒரு வரிசையில் வருகின்றன. இஸ்பேட்டும் டைமனும் ஏஸிலிருந்து ராஜா வரை ஏறுவரிசை, பிறகு கிளாவரும் ஆட்டினும் ராஜாவிலிருந்து ஏஸ் வரை இறங்குவரிசை. ஜோக்கரை எல்லாம் எடுத்துவிட்டால் சரிநடுவில் டைமன் ராஜாவும் கிளாவர் ராஜாவும் முதுகோடு முகம் உரசிக்கொண்டு நிற்பார்கள். ராஜாவுக்கும் ராஜாவுக்கும் நடுவே வெட்டு விழுந்தால் அது 26. இதைவிடத் தெளிவான அளவுகோலை யாரும் செய்து தரப்போவதில்லை.

விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுவைக்கலாம் என்று ஒரு யோசனையும் உலவுகிறது. போடலாம். கோட்டைப் பார்த்து வெட்டப் பழகிய கண், கோடில்லாத கட்டில் குருடாகிவிடும்.

அறிகுறி 4: மூலைகள் உரிகின்றன, வெள்ளை நார் தெரிகிறது

அதிக அழுத்தம், அல்லது சாய்வு கூடிப்போய் மூலை மூலையைக் குத்துகிறது. சாய்வைக் குறையுங்கள். இரண்டு பாதிகளும் கிட்டத்தட்ட நேர்க்கோட்டில் இருந்தால் போதும். உரிந்த சீட்டை அந்தக் கட்டிலிருந்து எடுத்துவிட முடியாது, 51 ஆகிவிடும். ஆகவே அந்தக் கட்டு பயிற்சிக்கு மட்டும். அதற்கும் ஆகாமல் போனால் பாப்பாவுக்கு விளையாடக் கொடுத்துவிடலாம்.

அறிகுறி 5: பின்னிவிட்டது, ஆனால் உள்ளே தள்ளும்போது சிக்குகிறது

தள்ளும்போது இரண்டு பாதிகளும் கோணலாக இருக்கின்றன. ஒரு சென்டிமீட்டர் வரை பின்னியதும் நிறுத்துங்கள். நீளப் பக்கங்களை நேராக்குங்கள். அதன்பின் இரண்டு உள்ளங்கைகளாலும் ஒரே சீராகத் தள்ளுங்கள், பூரிக்கட்டையை உருட்டுவதுபோல ஒரு கை முந்தி ஒரு கை பிந்திப் போகக்கூடாது. சிக்கிய நிலையில் பலமாகத் தள்ளினால் நடுவில் ஒரு சீட்டு மடங்கும். மடங்கிய சீட்டு அந்தக் கட்டின் ஆயுள் முழுக்க உங்களைக் காட்டிக்கொடுக்கும்.

அறிகுறி 6: எட்டு முறை செய்தேன், கட்டு பழைய வரிசைக்குத் திரும்பவில்லை

இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேச வேண்டும். எனக்குப் பிடித்த இடமே இதுதான்.

மேல் சீட்டு மேலேயே, அடிச் சீட்டு அடியிலேயே இருக்கும்படி பின்னுவது அவுட் ஃபேரோ. மேல் சீட்டு இரண்டாவதாகப் போய், அடுத்த பாதியின் சீட்டு மேலே வந்து உட்கார்ந்தால் இன் ஃபேரோ. 52 சீட்டுக் கட்டில் பிசகில்லாத அவுட் ஃபேரோ எட்டு செய்தால் கட்டு தொடங்கிய வரிசைக்கே திரும்பிவிடும். இரண்டு பாதிகளின் ஓரங்களையும் விரலால் சரியவிட்டுக் கலக்கும் சாதாரண ரிஃபிள் கலைப்பில் ஏழு முறையில் கட்டு நன்றாகக் கலந்துவிடும் என்று டேவ் பேயரும் பெர்சி டயகோனிசும் 1992-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அதில் டயகோனிஸ் முன்னாள் மேஜிக்காரர். சாதாரணமாகக் கலைத்தால் ஏழில் கலைகிறது, ஒழுங்காகக் கலைத்தால் எட்டில் கலையாமலே திரும்புகிறது. இன் ஃபேரோ என்றால் எட்டு போதாது, 52 முறை வேண்டும். 26-ஆவது முறையில் கட்டு முழுக்கத் தலைகீழாகி நிற்கும்.

திரும்பவில்லை என்றால் முதலில் சீட்டை எண்ணுங்கள். சிரிக்காதீர்கள். ஜோக்கர் இரண்டை எடுக்க மறந்துவிட்டால் கட்டு 54. அந்த 54-க்கு எட்டு அவுட் ஃபேரோ போதாது, 52 தேவை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் இதில் தொலைத்தேன். புதுக் கட்டில் விளம்பரச் சீட்டுகள் வேறு ஒட்டிக்கொண்டு வரும், அவற்றையும் பாருங்கள்.

எண்ணிக்கை சரி என்றால், எந்த இடத்தில் தவறியது என்று கண்டுபிடிக்க வேண்டும். கறுப்பும் சிவப்புமாகப் பிரித்த கட்டில் தொடங்குங்கள். முதல் அவுட் ஃபேரோவுக்குப் பின் கறுப்பு, சிவப்பு, கறுப்பு, சிவப்பு என்று மாறி மாறி வர வேண்டும். இரண்டாவதுக்குப் பின் இரண்டு கறுப்பு, இரண்டு சிவப்பு என்று ஜோடி ஜோடியாக. இந்த இரண்டு சோதனையிலேயே பாதித் தவறு பிடிபட்டுவிடும்.

மீதிக்கு ஒற்றன் ஒருவனை அனுப்பலாம். மேலிருந்து இரண்டாவது சீட்டை மட்டும் முகம் மேலாகத் திருப்பி வையுங்கள். ஒவ்வொரு அவுட் ஃபேரோவுக்குப் பின்னும் அது இருக்க வேண்டிய இடம்: 3, 5, 9, 17, 33, 14, 27, கடைசியில் மறுபடி 2. எந்தச் சுற்றில் அது வேறு இடத்தில் நிற்கிறதோ அந்தச் சுற்றில்தான் கை சறுக்கியது. இதைவிட அழகான ஜோடியும் ஒன்று உண்டு. 18-ஆவது சீட்டும் 35-ஆவது சீட்டும் ஒவ்வொரு அவுட் ஃபேரோவிலும் ஒன்றின் இடத்துக்கு மற்றது போகும். அடுத்த முறை திரும்பி வரும். கூடுவிட்டுக் கூடு பாய்கிற மாதிரி.

எட்டாவது சுற்றின் முடிவில் இரண்டே இரண்டு சீட்டுகள் மட்டும் இடம் மாறி, மற்ற 50-ம் சரியாக இருக்கிறதா? வருத்தப்படாதீர்கள். எட்டில் ஏதோ ஒரு பின்னலில், ஓரிடத்தில் இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாகச் சேர்ந்து இறங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். மாறாகப் பாதிக் கட்டு சிதறியிருந்தால், பெரும்பாலும் ஏதோ ஒரு சுற்றில் வெட்டு தவறியிருக்கும், அறிகுறி மூன்றுக்குப் போங்கள். மேல் சீட்டே மாறிப்போயிருந்தால் கவனப்பிசகில் ஓர் இன் ஃபேரோ நுழைந்துவிட்டது.

இதோடு சேர்ந்த இன்னொரு புகார்: "மேல் சீட்டைப் பத்தாவது இடத்துக்கு அனுப்பினேன், பதினொன்றில் நிற்கிறது." உங்கள் கை சரி, கணக்குதான் இடறியது. அலெக்ஸ் எல்ம்ஸ்லி என்ற பிரிட்டிஷ் மேஜிக்காரர் 1950-களில் காட்டிய வழி இது. சீட்டுக்கு மேலே எத்தனை சீட்டு இருக்க வேண்டுமோ அந்த எண்ணை இரும எண்ணாக எழுத வேண்டும். 1 என்றால் இன், 0 என்றால் அவுட். பத்து என்பது 1010, ஆகவே இன், அவுட், இன், அவுட். மேலே பத்து சீட்டு இருந்தால் உங்கள் சீட்டு பதினொன்றாவது. பத்தாவது இடத்தில் வேண்டுமென்றால் ஒன்பதை எழுதுங்கள்: 1001.

கணக்கு மட்டும் புரிய வேண்டுமென்றால் 52 தேவையில்லை. 16 சீட்டை எடுத்து மேசையில் கையாலேயே ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கிப் பாருங்கள், நான்கே அவுட்டில் திரும்பிவிடும். 32 சீட்டென்றால் ஐந்து.

அறிகுறி 7: வீட்டில் வருகிறது, ஆள் பார்த்தால் வரவில்லை

உள்ளங்கை வியர்க்கிறது, வேறு மர்மம் இல்லை. கைக்குட்டை ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். கல்யாண வரவேற்பு மாதிரி ஏசி கடுமையாக இருக்கும் இடத்தில் இதற்கு நேர்மாறாக விரல் நுனி வறண்டு சீட்டு நழுவும். அப்போது விரல் நுனியில் ஒரு ஊது ஊதினால் போதும், பெரியப்பா வழிக்குப் போக வேண்டாம்.

இன்னொன்று, வீட்டில் நீங்கள் கையைப் பார்த்துக்கொண்டே செய்கிறீர்கள். வெளியில் எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. ஆகவே கடைசி ஒரு மாதம் கையைப் பார்க்காமல் பழகுங்கள், டிவி முன்னால் உட்கார்ந்தாவது. மின்விசிறியை அணைத்துவிட்டுப் பழகியவர்கள் அதை ஓட விட்டும் பழக வேண்டும். கடற்கரை ரயிலில் ஜன்னல் ஓரம் மட்டும் வேண்டாம். அங்கே ஒரு முறை ஆட்டின் ராணியைப் பறக்கவிட்டிருக்கிறேன், கோட்டூர்புரத்துக்கும் கஸ்தூர்பா நகருக்கும் நடுவே.

பூங்காவில் பழகுவதிலும் ஒரு சிக்கல். சீட்டு என்றாலே காசு வைத்து ஆடுகிறார்கள் என்றுதான் ஊர் நினைக்கும். எங்கள் பகுதிப் பூங்காவில் காவலாளி ஒருவர் கொஞ்ச நேரம் என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இங்க சீட்டு ஆடக்கூடாது."

"ஆடலண்ணே. கலைச்சிட்டுதான் இருக்கேன்."

"யாருக்கு?"

பதில் சொல்லத் தெரியாமல் எட்டு ஃபேரோவும் செய்து காட்டினேன். ஆறாவதில் கொத்து விழுந்தது.